பழைய மோட்டார் சைக்கிளின் உண்மையான குதிரைத்திறன் எவ்வளவு?

கடைக்குச் சரக்கு எடுக்கவும், கிராமங்களுக்கு நிலுவை வசூலிக்கச் செல்லவும் நம்மில் பலர் பழைய மோட்டார் சைக்கிள்களையே நம்பியிருக்கிறோம். தளவானூரிலிருந்து செஞ்சிக்கு வரும் சில்லறை வணிகருக்கு வண்டிதான் பாதி முதல். அது இழுக்கவில்லை என்றதும், "போர் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்ற பேச்சு வருகிறது. சொல்வதைக் கேட்டுப் பணத்தைக் கொட்டுமுன், வண்டியின் திறனை அளக்க ஒரு வழி உண்டு என்பதை வணிகப் பெருமக்கள் அறிந்திருப்பது நல்லது.

குதிரைத்திறன் என்பது என்ன?

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை 75 கிலோ என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. அப்படி ஒரு மூட்டையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேகமே ஒரு மெட்ரிக் குதிரைத்திறன். மின் கணக்கில் 735.5 வாட். ஜேம்ஸ் வாட் வகுத்த ஆங்கிலக் குதிரைத்திறன் சற்றே பெரியது, 746 வாட்.

மொத்த எடையும் நிகர எடையும்

சாக்கோடு சேர்ந்தது மொத்த எடை, சாக்கைக் கழித்தால் நிகர எடை. வண்டிக்கும் இதே கணக்குதான். திருவொற்றியூரில் 1956 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியின் பழைய வார்ப்பிரும்பு என்ஜினுக்கு 5,625 சுற்றில் 18 குதிரைத்திறன் என்று குறிப்பேட்டில் இருக்கும். அது என்ஜின் தரும் திறன். கிளட்ச், கியர், செயின் ஆகியவற்றில் 10 முதல் 15 சதம் உராய்வில் போய்விடும். ஆகவே நல்ல நிலையில் உள்ள வண்டியிலும் பின் சக்கரத்தில் 15, 16 கிடைத்தாலே போதும். நம் சுமையை இழுப்பது இந்த நிகரத் திறன்தான்.

டைனோ எப்படி அளக்கிறது?

டைனமோமீட்டர் என்பதன் சுருக்கமே டைனோ. முன் சக்கரத்தை இறுகப் பிடித்து, வண்டியைப் பட்டையால் கட்டி, பின் சக்கரத்தைக் கனமான உருளையின் மேல் நிறுத்துவார்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகியதும் உருளை எவ்வளவு விரைவில் வேகம் பிடிக்கிறது என்பதைக் கணினி குறித்துக்கொள்ளும். உருளையின் கனம் முன்பே தெரியுமாதலால், திறன் கணக்காகிவிடும். வேறு வகை டைனோவில் உருளைக்கு பிரேக் போட்டு, அதை எதிர்க்கும் விசையை அளப்பார்கள். 1821-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரோனி செய்த கருவி இந்த வகைக்கு முன்னோடி. 'பிரேக் குதிரைத்திறன்' என்ற பெயரும் இவ்வழியில் வந்ததே.

டைனோ தருவது ஒற்றை எண் அன்று, ஒரு வரைகோடு. முறுக்கு விசையைச் சுற்றால் பெருக்கி 716-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். 3,000 சுற்றில் 2 கிலோகிராம்-மீட்டர் விசை தரும் என்ஜினும், 6,000 சுற்றில் 1 தரும் என்ஜினும் காட்டுவது ஏறக்குறைய 8.4 என்ற ஒரே எண்தான். ஆனால் மூட்டையோடு மேடு ஏறுவதற்கு முன்னதே சுகம். 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் தந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 உயர்ந்த சுற்றில் பாயும். புல்லட் தாழ்ந்த சுற்றிலேயே இழுக்கும். இரண்டையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடலாகாது.

குறை எங்கே?

18 எழுதிய வண்டி டைனோவில் 15 காட்டினால் கவலை வேண்டாம். 9, 10 என்று காட்டினால்தான் ஆராய வேண்டும். என்ஜின் சுற்று ஏறி, உருளை வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். உயர்ந்த சுற்றில் மட்டும் கோடு சரிந்தால் கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், இக்னிஷனைப் பார்க்கலாம். எல்லாச் சுற்றிலும் குறைந்து, கம்ப்ரஷனும் இல்லையென்றால்தான் போர், பிஸ்டன், வால்வு பற்றிய பேச்சுக்கே இடமுண்டு. கிளட்ச் தட்டு மாற்றுவதற்கும் என்ஜினை இறக்குவதற்கும் உள்ள செலவு வித்தியாசம் நாம் அறிந்ததே.

சித்திரை வெயிலில் 40 டிகிரியில் அளந்தால், 25 டிகிரியில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதம் குறையும். திறனும் குறைந்து காட்டும். வெப்பத்திற்கான திருத்தம் போட்டார்களா என்று கேட்டு, முன்னும் பின்னும் ஒரே டைனோவில் அளப்பதே முறை. தராசு மாறினால் எடையும் மாறும் அல்லவா? காற்றில் குளிரும் என்ஜின் ஆதலால் எதிரே பெரிய மின்விசிறி இருப்பதும் அவசியம்.

டைனோ இல்லாத ஊரில்

இந்த வசதி பெரும்பாலும் பெருநகரங்களில்தான் கிடைக்கும். நம் ஊரில், போக்குவரத்தில்லாத ஒரு மேட்டில், ஒரே சுமை, ஒரே கியர், ஒரே தொடக்க வேகத்தில், சட்ட வேகத்திற்குள், தலைக்கவசத்தோடு ஏறி, கடக்கும் விநாடிகளைக் குறித்து வைக்கலாம். அதற்கு முன் டயர் காற்று, செயின் தளர்ச்சி, பிரேக் உரசல் ஆகியவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். பழுது பார்த்தபின் மறுபடி ஏறிப் பாருங்கள். விநாடி குறையவில்லையானால், கொடுத்த பணத்திற்குச் சரக்கு வரவில்லை என்றே பொருள்.

எடை போடாமல் நாம் மூட்டை வாங்குவதில்லை. வண்டிக்குச் செலவு செய்யும்போதும் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.