அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளின் காலம்: கணிப்பும் மேற்கோளும்

முன்னுரை

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூரை அடுத்து வரும் வேப்பம்பட்டிலிருந்து வடமேற்கே, வான்வழித் தொலைவில் 20 கிலோமீட்டருக்குள், கொசத்தலையாற்றுப் படுகையில் அமைந்துள்ள சிற்றூர் அத்திரம்பாக்கம். தென்னிந்தியத் தொல்பழங்கால ஆய்வில் இவ்வூரின் பெயர் இடம்பெறாத நூல் அரிது. கடந்த சில ஆண்டுகளாகத் தமிழாய்வுக் கட்டுரைகளிலும் மேடைகளிலும் இப்பெயர் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ‘15 இலட்சம் ஆண்டுகள்’, ‘3,85,000 ஆண்டுகள்’ என்னும் இரண்டு எண்கள் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. இவ்வெண்கள் எவ்வாறு பெறப்பட்டன, எதன் காலத்தை அவை குறிக்கின்றன என்பதைக் கூறாமலேயே பெரும்பாலான மேற்கோள்கள் நின்றுவிடுகின்றன. அவ்விரு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபூட்டின் கண்டுபிடிப்பு

இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தை அடைந்து, அங்கும் கைக்கோடரிகளைக் கண்டறிந்தார். இவ்வகைக் கருவிகளுக்குப் பின்னாளில் ‘சென்னைக் கைக்கோடரி மரபு’ என்ற பெயரே ஏற்பட்டது. ஆயினும் அவற்றின் காலம் நூறாண்டுகளுக்கு மேல் ஊகமாகவே இருந்தது. ஆற்றுப்படிகளின் உயரத்தையும், பிற நாடுகளில் கிடைத்த கருவிகளோடுள்ள வடிவ ஒற்றுமையையும் கொண்டே முன்பின் வரிசை வகுக்கப்பட்டது.

ஆவடிக் களிப்பாறை எனக் கருதப்பட்ட படிவு

அத்திரம்பாக்கத்தின் மேற்பகுதியில் செம்புரைச் சரளை காணப்படுகிறது. அதன் கீழே மெல்லிய அடுக்குகளாகப் படிந்த களிமண் உள்ளது. கருவிகள் சரளையிலும், சரளை களிமண்ணைத் தொடும் பரப்பிலும் கிடைத்து வந்தன. அடியிலுள்ள களிமண்ணோ ஆவடிப் பகுதியின் பெயரால் வழங்கும் கிரிடேசியஸ் காலக் களிப்பாறையின் தொடர்ச்சி என்றே முன்னைய ஆய்வாளர்கள் கருதினர். அக்காலம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. மனித இனமே தோன்றாத காலம். ஆகவே அக்களிமண்ணுக்குள் கருவிகளைத் தேடுவதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

சாந்தி பப்பு தலைமையில், சென்னையிலுள்ள சர்மா மரபுக் கல்வி மையம் 1999 முதல் மேற்கொண்ட அகழாய்வு இக்கருத்தை மாற்றியது. களிமண்ணையும் தோண்டியபோது அதன் உள்ளேயே அச்சூலியன் வகைக் கைக்கோடரிகளும் பிற வெட்டுக்கருவிகளும் கிடைத்தன. விலங்குகளின் தொல்லுயிர்ப் பற்களும் குளம்புச் சுவடுகளும் உடன் கிடைத்தன. எனவே அது பாறைக் காலப் படிவன்று. ஆற்று வெள்ளம் மெல்லப் பரப்பிச் சென்ற வண்டல் என்பது உறுதியாயிற்று. பிற்காலத்தில் பெரிதும் பேசப்பட்ட 15 இலட்சம் என்னும் எண் இக்களிமண்ணிலிருந்து பிறந்ததே. கருவி நுட்பம் பற்றிய விவாதங்களில் இம்மண்ணியல் திருத்தம் போதிய கவனம் பெறவில்லை. உண்மையில், இங்கு நிகழ்ந்த முதன்மையான கண்டுபிடிப்பு இதுவே எனலாம்.

15 இலட்சம் என்னும் எண்

2011 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் சாந்தி பப்பு, யானி கன்னெல், குமார் அகிலேஷ் முதலியோர் வெளியிட்ட கட்டுரை இரு முறைகளை இணைத்துக் காலத்தைக் கணித்தது. முதலாவது, அண்டக்கதிர் வழிப் புதைவுக்காலக் கணிப்பு. நிலப்பரப்பில் கிடக்கும் கல்லை விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தாக்கும்போது, அதிலுள்ள குவார்ட்ஸ் கனிமத்தில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உருவாகின்றன. கல் ஆழப் புதைந்தபின் புதிய அணுக்கள் உருவாவது பெரிதும் நின்றுவிடும். முன்பு உருவானவை சிதையத் தொடங்கும். அலுமினியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள். பெரிலியத்தினுடையது அதைப்போல் இருமடங்கு. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குறைவதால், எஞ்சியுள்ள விகிதம் கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைக் காட்டும்.

இங்கு அளக்கப்பட்டவை கருவிகளேயாகும். அவற்றைச் சூழ்ந்த மண் அன்று. அது இக்கணிப்பின் வலிமை. எனினும் கருவி செதுக்கப்பட்ட நாளை இம்முறை தருவதில்லை; புதைந்த காலத்தையே தருகிறது.

இரண்டாவது, தொல்காந்தவியல். புவியின் காந்தப்புலம் பலமுறை திசை மாறியுள்ளது. இறுதி மாற்றம் நிகழ்ந்து ஏறத்தாழ 7.8 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முந்தைய எதிர்த்திசைக் காலத்தின் இடையே, 10.7 இலட்சம் ஆண்டளவில் தொடங்கிய ‘ஜாரமில்லோ’ என்னும் குறுகிய நேர்த்திசைக் காலமும் உண்டு. அத்திரம்பாக்கத்தின் அடிப்படிவுகள் எதிர்த்திசையைக் காட்டின. காந்தத் திசை மட்டும் ஆண்டைத் தருவதில்லை. அண்டக்கதிர் அளவீட்டுடன் சேர்த்துப் பார்க்கும்போது, இப்படிவுகள் ஜாரமில்லோவுக்கு முற்பட்டவை என்ற முடிவு கிடைக்கிறது.

ஆகவே அக்கட்டுரை கூறுவது இரண்டு. அடிமட்ட அச்சூலியன் அடுக்குகள் 10.7 இலட்சம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டவையல்ல என்பது ஒன்று; கருவிகளின் ஒருங்கிணைந்த சராசரிக் காலம் 15.1 இலட்சம், கூட்டல் அல்லது கழித்தல் 70,000 ஆண்டுகள் என்பது மற்றொன்று. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர். ஐயத்திற்கு இடம் குறைந்த எல்லை முதலாவதே.

3,85,000 என்னும் எண்

2018 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் குமார் அகிலேஷ், சாந்தி பப்பு ஆகியோரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் அசோக் சிங்வி முதலியோரும் இணைந்து எழுதிய கட்டுரை, களிமண்ணுக்கு மேலமைந்த அடுக்குகளைப் பற்றியது. 7,000-க்கும் மேற்பட்ட கருவிகள் இதில் ஆராயப்பட்டன. மேல் நோக்கிச் செல்லச் செல்லப் பெரிய கைக்கோடரிகள் குறைகின்றன; சிறு கருவிகள் பெருகுகின்றன. ‘லெவலுவா’ எனப்படும் நுட்பமும் தென்படுகிறது. கருக்கல்லின் பரப்பை முன்கூட்டியே செதுக்கி ஒழுங்குபடுத்தி, விரும்பிய வடிவச் சில்லை ஒரே தட்டில் பெயர்த்தெடுக்கும் முறை அது. கையிலுள்ள கல்லில் இன்னும் தோன்றாத வடிவத்தை மனத்தில் கொண்டு செயற்படுவதால், இதனை அறிவு வளர்ச்சியின் ஒரு படியாக அறிஞர் மதிப்பர். இடைப் பழங்கற்காலத்தின் அடையாளங்களுள் இது தலையாயது.

இவ்வடுக்குகளின் காலம் ஒளிர்வு முறையில் கணிக்கப்பட்டது. மண்ணிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமத் துகள்கள், சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தால் ஆற்றலைச் சேமித்துக்கொள்கின்றன. வெயில் பட்டால் அச்சேமிப்பு வெறுமையாகும். புதைந்தபின் மீண்டும் சேரும். ஆய்வகத்தில் அத்துகளைத் தூண்டி வெளிவரும் ஒளியை அளந்தால், அது கடைசியாக வெயில் கண்ட காலம் தெரியும். முன்னதற்கு மாறாக, இங்கு அளக்கப்படுவது கருவியன்று. கருவி கிடந்த மண். கருவியும் மண்ணும் ஒருங்கே படிந்தன என்பதை அகழாய்வாளரின் அடுக்கியல் பதிவே நிறுவ வேண்டும்.

கிடைத்த விடை 3,85,000, கூட்டல் அல்லது கழித்தல் 64,000. அதாவது 4,49,000-க்கும் 3,21,000-க்கும் இடைப்பட்ட காலம். பிழை எல்லையை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எழுதுவது, ஒரு கல்வெட்டின் சிதைந்த எழுத்துகளை மறைத்துவிட்டு நிறைவான பாடம் எனக் காட்டுவதை ஒக்கும். இம்மரபு அத்திரம்பாக்கத்தில் 1,72,000, கூட்டல் அல்லது கழித்தல் 41,000 ஆண்டுகள் வரை நீடித்தது எனவும் அக்கட்டுரை கூறுகிறது.

இதன் தாக்கம் பெரிது. இடைப் பழங்கற்கால நுட்பம், ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய இக்கால மனிதரோடு 1,25,000 ஆண்டளவிலோ அதற்குப் பின்னரோ இந்தியாவை அடைந்தது என்னும் கருத்து வலுவாக இருந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில், ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட டோபா எரிமலைச் சாம்பலுக்குக் கீழும் மேலும் கிடைத்த கருவிகளைப் பற்றிய விவாதமும் இதனையே மையமாகக் கொண்டது. அத்திரம்பாக்கக் கணிப்பு அவ்வரலாற்றை இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கித் தள்ளுகிறது. நுட்பம் இங்கேயே வளர்ந்திருக்கலாம். முன்னரே நிகழ்ந்த ஒரு பரவலோடு வந்திருக்கலாம். இவற்றை இடைப் பழங்கற்காலம் என்பதைவிட அச்சூலியனின் இறுதிக் கட்டம் என்று கொள்வதே பொருந்தும் எனக் கருதுவோரும் உளர்.

தமிழாய்வில் இவ்வெண்களின் இடம்

இக்கருவிகளைச் செய்தவர் யார்? அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. இந்தியாவிலேயே தொன்மாந்தர் மண்டையோடு எனத்தக்கது, நருமதைக் கரையில் ஹத்னோராவில் 1982-இல் அருண் சோனாகியா கண்டெடுத்த ஒன்றுதான். அதன் இனமும் காலமும் இன்றும் விவாதத்திற்குரியவை. நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்சின் மிகப் பழைய எச்சங்கள் எனக் கருதப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றின் காலம் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கொசத்தலையாற்றங்கரையில் கைக்கோடரி செதுக்கியவர் நம் இனத்தவர் அல்லர் என்பதே இதன் பொருள்.

அவ்வாறிருக்க, ‘தமிழரின் தொன்மை 15 இலட்சம் ஆண்டுகள்’ என எழுதுவது சான்றுக்கு இல்லாத பொருளை அதன்மேல் ஏற்றுவதாகும். கல் மொழியைப் பதிவு செய்வதில்லை. அத்திரம்பாக்கத்தின் இடைப் பழங்கற்கால அடுக்குகளுக்கும் கீழடியின் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளுக்கும் இடையே இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆண்டுகள் உள்ளன. அவ்விடைவெளியைத் தொடர்ச்சி என்று கொள்ளச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. நிலத்தின் தொன்மை வேறு. மக்களின் தொன்மை வேறு. மொழியின் தொன்மை வேறு. கீழடிக்கோ சங்க இலக்கியத்திற்கோ அத்திரம்பாக்கத்தின் துணை தேவைப்படவுமில்லை.

எதன் காலம் அளக்கப்பட்டது என்னும் வினா அண்மைக் காலத்திற்கும் பொருந்தும். 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையில் சிவகளைக்குரிய கி.மு. 3345 என்னும் காலமும், இரும்பு கிடைத்த சூழலிலுள்ள மாதிரியின் வழிப் பெறப்பட்டதே; இரும்பையே அளந்து பெற்றதன்று. இதனால் அம்முடிவு தவறாகிவிடாது. மாதிரிக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பைக் கட்டுரையாளர் எடுத்துரைக்க வேண்டும் என்பதே கருத்து.

படிவுகளின் இன்றைய நிலை

கருவிகள் பலவற்றைப் பூண்டியிலுள்ள மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் காணலாம். ஆனால் கண்ணாடிப் பேழையிலுள்ள கைக்கோடரி தான் கிடந்த மண்ணை இழந்தது. ஒளிர்வு முறையால் அதன் காலத்தை இனி அறிய இயலாது. செம்புரைச் சரளை சாலைக்கும் மனைநிரவலுக்கும் பயன்படும் பொருளாகையால், புறநகர் விரியும் இம்மாவட்டத்தில் அப்படிவுகள் தொடர்ந்து வெட்டப்படுகின்றன. ஆவடி முதல் திருவள்ளூர் வரையிலான மனைப்பிரிவுகளில் அடித்தளத்திற்கோ கிணற்றிற்கோ மண் எடுக்கும்போது செதுக்கிய கல் தென்படுமாயின், அதை எடுப்பதற்கு முன் கிடந்த ஆழத்தையும், மண்ணின் நிறத்தையும், மேலும் கீழும் உள்ள அடுக்கையும் ஒளிப்படத்துடன் குறித்து மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். ஒளிர்வு ஆய்வுக்குரிய மண்ணை வெயில் படாமல் குழாயில் அடைத்தெடுக்க வேண்டியிருப்பதால், அப்பணியைத் துறையினரே செய்தல் தகும்.