நாய்க்குட்டிக்கும் பால்பல் உண்டு!

நமக்குப் பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். நாய்க்கோ பால்பற்கள் 28, நிலைப்பற்கள் 42! பொக்கைவாயுடன் பிறக்கும் குட்டிக்கு மூன்றாம் வார வாக்கில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கும். நான்காம் மாத வாக்கில் அவை விழ ஆரம்பித்து, ஏழாம் மாதத்துக்குள் நிலைப்பற்கள் வந்துவிடும். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் வழக்கம். குட்டியோ பெரும்பாலும் அதை விழுங்கிவிடும். ஆகையால் பல்லைக் காணோமே என்று தேட வேண்டாம்.

புதிய பல் வளரும்போது பழைய பல்லின் வேர் கரைந்துபோக வேண்டும். கரையாவிட்டால் பழையது அசையாமல் நிற்க, புதியது பக்கத்தில் முளைக்கும். பேருந்தில் ஒருவர் இருக்கையில் இருவர் நெருக்கி உட்கார்ந்தாற்போல! எங்கள் கொடுங்கையூரில் பல வீடுகளில் காணும் பொமரேனியன் போன்ற சிறிய இனங்களுக்கே இத்தொல்லை மிகுதி.

முக்கியமாகக் கோரைப்பற்களைக் கவனிக்க வேண்டும். மேல்தாடையில் புதிய கோரைப்பல் பழையதற்கு முன்னால் வரும். கீழ்த்தாடையில் உட்புறமாக வரும். கீழே பால்பல் விழாமல் நின்றால் புதிய பல் உள்ளேயே தங்கி, வாய் மூடும்போதெல்லாம் அண்ணத்தில் குத்தும். பாவம், வாயில்லா ஜீவன் யாரிடம் சொல்லும்? இரு பற்களுக்கிடையே உணவு தங்கி ஈறும் கெடும்.

அதனால் நான்காம் மாதம் முதல் வாரம் ஒருமுறை குட்டியின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு பற்கள் தெரிந்தால் தாமதம் கூடாது. நூல் கட்டி இழுப்பதோ, அதைவிடத் தவறு! பால்பல்லின் வேர் மெலிந்து நீண்டது. வெளியே தெரிவதைவிட உள்ளே இருப்பது அதிகம். பாதியில் முறிந்தால் சீழ் பிடிக்கும். அருகிலுள்ள புதிய பல்லும் பழுதாகலாம். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து வேரோடு எடுப்பார். நம் பக்கத்தாருக்கு வேப்பேரி தொலைவில்லை. அங்கே 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

பல் முளைக்கும் நாட்களில் ஈறு ஊறுவதால் குட்டி செருப்பு முதல் நம் விரல்வரை கடிக்கும். கெட்டியான எலும்பு கொடுத்தால் பல் உடையும். நனைத்துக் குளிரவைத்த துணி போதும். விளையாட்டாகக் கடித்துச் சிறு கீறல் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.