தொடர்சார்பு (மென்பொருள்)

தொடர்சார்பு என்பது ஒரு மென்பொருள் நேரடியாகப் பயன்படுத்தும் நிரலகம் வேறு நிரலகங்களைச் சார்ந்திருப்பதால், அம்மென்பொருளுக்கு மறைமுகமாக ஏற்படும் சார்பு ஆகும். அ என்னும் மென்பொருள் ஆ என்னும் நிரலகத்தையும், ஆ என்பது இ என்னும் நிரலகத்தையும் சார்ந்திருப்பின், இ என்பது அ-வின் தொடர்சார்பு ஆகும். அ-வை எழுதியவர் இ-யின் பெயரைக்கூட அறியாதிருக்கலாம். எனினும் இ-யில் உள்ள வழு அ-வையும் பாதிக்கும். இத்தகைய சார்புகளைக் கண்டறிந்து, பதிவிறக்கி, உரிய பதிப்பைத் தேர்ந்தெடுப்பது மென்பொருள் கட்டமைப்புக் கருவிகளின் முதன்மையான பணிகளுள் ஒன்றாகும்.

எடுத்துக்காட்டு

எழில் என்பது தமிழ்ச் சொற்களைக் கட்டளைகளாகக் கொண்ட, பைத்தானில் எழுதப்பட்ட நிரல்மொழி ஆகும். இது ஓப்பன்-தமிழ் என்னும் நிரலகத்தைச் சார்ந்துள்ளது. ஒருங்குறியில் "தமிழ்" என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஆனால் அச்சொல்லில் உள்ளவை 3 எழுத்துக்களே. இவ்வாறு குறிகளை எழுத்துக்களாகப் பிரித்தறியும் பணியை ஓப்பன்-தமிழ் செய்கிறது.

எழிலைக் கொண்டு ஒரு பயிற்சி மென்பொருளை உருவாக்குபவர் தமது தேவைப் பட்டியலில் எழிலை மட்டும் குறிப்பிட்டால் போதும். பைத்தானின் நிறுவல் கருவியான பிப், ஓப்பன்-தமிழையும் தானாகவே நிறுவும். அம்மென்பொருளுக்கு எழில் நேர்ச்சார்பு, ஓப்பன்-தமிழ் தொடர்சார்பு.

வரலாறு

தொடக்கத்தில் தேவையான நிரலகங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது நிரலாளரின் பணியாக இருந்தது. 1990களின் இறுதியில் டெபியன் லினக்ஸின் ஏ.பி.டி. கருவி, ஒரு பொதியை நிறுவும்போது அதன் சார்புகளையும் சேர்த்து நிறுவும் வசதியை அளித்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதால், அதிலும் இம்முறையே பயன்படுகிறது. ஜாவா உலகில் 2005இல் வெளிவந்த மேவன் 2.0, தொடர்சார்புகளைத் தானே தீர்க்கும் வசதியைப் பரவலாக்கியது.

பதிப்பு முரண்

ஒரே நிரலகத்தின் வெவ்வேறு பதிப்புகளை இரு சார்புகள் கோரும்போது முரண் தோன்றுகிறது. இதனைக் கருவிகள் வெவ்வேறு வகையில் தீர்க்கின்றன.

* மேவன்: சார்பு மரத்தின் வேருக்கு மிக அருகில் உள்ள பதிப்பைத் தேர்கிறது. இரண்டும் ஒரே தொலைவில் இருப்பின், முதலில் குறிப்பிடப்பட்டதைக் கொள்கிறது. இதனால் பழைய பதிப்பும் தேர்வாகலாம்.
* கிரேடில்: கோரப்பட்டவற்றுள் மிக உயர்ந்த பதிப்பை இயல்பாகத் தேர்கிறது.
* என்.பி.எம்.: ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகளை ஒரே மென்பொருளுக்குள் தனித்தனியே வைத்துக்கொள்கிறது.
* பிப்: ஒரு சூழலில் ஒரு பதிப்பை மட்டுமே நிறுவும். 2020இல் வெளிவந்த 20.3 பதிப்பு முதல், அனைத்துக் கோரிக்கைகளுக்கும் பொருந்தும் தொகுதி கிடைக்காவிடில் பிழை காட்டி நின்றுவிடும்.

தவறான பதிப்பு தேர்வானாலும், நிரல் தொகுக்கப்படும்போது பிழை தோன்றாமல் போகலாம். பின்னர், நிரலகத்தில் இல்லாத செயற்கூறு ஒன்று அழைக்கப்படும்போதே மென்பொருள் செயலிழக்கும். ஆகவே பிழையின்றித் தொகுக்கப்பட்டது என்பது சரியான பதிப்பு தேர்வானதற்குச் சான்றாகாது.

கையாளும் முறைகள்

முதற்படி, கருவியின் கட்டளை மூலம் சார்பு மரத்தை முழுமையாக அச்சிட்டு, எந்நிரலகம் எதன் வழியாக வந்தது என அறிவதாகும். அதன் பின்னர்:

* தேவையான பதிப்பை மென்பொருளின் சொந்தப் பட்டியலிலேயே வெளிப்படையாகக் குறிப்பிடலாம்.
* வேண்டாத தொடர்சார்பை விலக்கலாம். விலக்கிய நிரலகத்தை வேறொரு பகுதி அழைக்காது என்பதைச் சோதித்தல் இன்றியமையாதது.
* தேர்வான அனைத்துப் பதிப்புகளையும் பூட்டுக் கோப்பில் பதியலாம். இதனால் எல்லாக் கணினிகளிலும் அதே பதிப்புகள் நிறுவப்படும்.

பாதுகாப்பு

2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்னும் 11 வரி நிரலகத்தை அதன் ஆசிரியர் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதனைத் தொடர்சார்பாகக் கொண்டிருந்த ஏராளமான மென்பொருட்களைக் கட்டமைக்க இயலாமற் போனது. 2021 டிசம்பரில் லாக்4ஜே நிரலகத்தில் தொலைவிலிருந்து கட்டளைகளை இயக்க இடமளிக்கும் கடுமையான குறைபாடு வெளிப்பட்டது. மேவன் களஞ்சியத்தில் 35,000க்கும் மேற்பட்ட பொதிகள் பாதிக்கப்பட்டிருந்ததாகக் கூகுள் அப்போது கணித்தது. அவற்றுள் பெரும்பாலானவை லாக்4ஜேயை மறைமுகமாகவே சார்ந்திருந்தன. எனவே இடையிலுள்ள நிரலகங்கள் ஒவ்வொன்றும் புதுப்பிக்கப்படும் வரை பலர் காத்திருக்க நேர்ந்தது; தமது மென்பொருளில் லாக்4ஜே உள்ளதா என்பதைக் கண்டறிவதே பலருக்கு முதற் சிக்கலாயிற்று.

இதற்குத் தீர்வாக, ஒரு மென்பொருளில் அடங்கிய கூறுகள் யாவற்றையும் பதிப்புடன் பட்டியலிடும் மென்பொருள் கூறுப்பட்டியல் முன்வைக்கப்படுகிறது. இந்தியாவின் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், இத்தகைய பட்டியலுக்கான தொழில்நுட்ப வழிகாட்டுதல்களை 2024 அக்டோபரில் வெளியிட்டது.

இவற்றையும் பார்க்க

* பொதி மேலாண்மை
* கட்டற்ற மென்பொருள்
* எழில் (நிரல்மொழி)