விளையாட்டு டீம் சேர்த்தால் கல்லூரி பிழைக்குமா? அமெரிக்காவின் சிறிய பல்கலைக்கழகங்கள் போடும் கணக்கு என்ன?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1856-ல் தொடங்கப்பட்டது பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி. 2024 மே 31-ம் தேதி அது நிரந்தரமாக மூடப்பட்டது. அதே நாளில், அந்தக் கல்லூரியின் பேஸ்பால் அணி ஒஹாயோ மாநிலத்தில் தேசிய சாம்பியன்ஷிப் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தத் தொடருக்குத் தகுதி பெற்ற 8 அணிகளில் அதுவும் ஒன்று.

விளையாட்டில் இவ்வளவு வலுவாக இருந்த கல்லூரி ஏன் மூடப்பட்டது? அதே விளையாட்டை வைத்து இன்னொரு கல்லூரி தன் மாணவர் எண்ணிக்கையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சின்னக் கல்லூரிக்கு எதற்கு இத்தனை டீம்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் முக்கிய அமைப்பு என்சிஏஏ. சுமார் 1,100 கல்வி நிறுவனங்கள் இதில் உறுப்பினர்கள். டிவிஷன் 1, 2, 3 என மூன்று பிரிவுகள். டிவியில் நாம் பார்க்கும் பிரம்மாண்ட மைதானங்கள், கோடிகளில் சம்பளம் வாங்கும் கோச்கள் எல்லாம் டிவிஷன் 1 ரகம்.

ஆனால் எண்ணிக்கையில் பெரிய பிரிவு டிவிஷன் 3 தான். சுமார் 430 கல்லூரிகள் இதில் இருக்கின்றன. பெரும்பாலும் சிறிய தனியார் கல்லூரிகள். என்சிஏஏ வருமானத்தில் இந்த மொத்தப் பிரிவுக்கும் ஒதுக்கப்படுவது 3.18 சதவீதம் மட்டுமே. விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கவும் இங்கே அனுமதி இல்லை. டிக்கெட் வசூலும் பெரிதாக இருக்காது.

அப்புறம் பணம் எங்கிருந்து வருகிறது? மாணவர் கட்டும் ஃபீஸிலிருந்துதான். பள்ளியில் ஆடிய மாணவருக்குக் கல்லூரியிலும் தொடர்ந்து ஆட ஆசை இருக்கும். பெரிய பல்கலைக்கழக அணிகளில் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. "எங்களிடம் வா, நீ ஆடலாம்" என்று சின்னக் கல்லூரி கூப்பிடுகிறது. அதனால் இங்கே விளையாட்டுத் துறை என்பது பாதி அட்மிஷன் அலுவலகம் மாதிரி.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

ஒரு உதாரணம். புதிதாக ஒரு டீம் தொடங்கி 30 மாணவர்களைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணச் சலுகை எல்லாம் போக, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 20,000 டாலர் கட்டினால் வரவு 6 லட்சம் டாலர். கோச் சம்பளம், பயணம், சீருடை, உபகரணம் எல்லாம் சேர்த்து 2 லட்சம் டாலர் செலவு என்றால், மிச்சம் 4 லட்சம். பார்க்க லாபமாகத்தான் தெரியும்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். அந்த 30 பேரில் 15 பேர் டீம் இல்லாவிட்டாலும் இதே கல்லூரியில் சேர்ந்திருப்பார்கள் என்றால், உண்மையான புது வரவு 3 லட்சம்தான். செலவு போக மிஞ்சுவது 1 லட்சம். அடுத்தது, களத்தில் இறங்க வாய்ப்பே கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்த மாணவர் அடுத்த ஆண்டு வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். புது வரவிலேயே சிலர் இப்படிக் கழன்றுகொண்டால், மிஞ்சிய அந்த 1 லட்சமும் காலி.

ஜெயித்த கதை: ஏட்ரியன் கல்லூரி

மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஏட்ரியன் கல்லூரியில் 2005-ல் ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்களே இருந்தார்கள். அந்த ஆண்டு தலைவராக வந்த ஜெஃப்ரி டாக்கிங், விளையாட்டைக் கையில் எடுத்தார். ஐஸ் ஹாக்கி அரங்கமும் ஸ்டேடியமும் கட்டப்பட்டன. ஹாக்கி, லக்ராஸ் எனப் புது அணிகள் வந்தன.

முக்கியமான விஷயம், ஒவ்வொரு கோச்சுக்கும் 'இத்தனை மாணவர்களைச் சேர்க்க வேண்டும்' என்று டார்கெட் கொடுக்கப்பட்டது. போட்டியில் ஜெயித்தால் மட்டும் போதாது, அந்த எண்ணிக்கைக்கும் கோச்தான் பொறுப்பு. பத்தாண்டுக்குள் மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இந்த அனுபவத்தை டாக்கிங் 2015-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். 2022-ல் ஆண்கள் ஐஸ் ஹாக்கியில் டிவிஷன் 3 தேசியக் கோப்பையும் ஏட்ரியனுக்கு வந்தது.

ஆனாலும் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடவில்லை. 2020-ல் வரலாறு, நாடகம் உள்ளிட்ட சில பாடத்துறைகளை மூட நிர்வாகம் முடிவெடுத்தது. முன்னாள் மாணவர்கள் கொதித்தெழ, அந்த முடிவு கைவிடப்பட்டது.

தோற்ற கதை: பர்மிங்ஹாம்-சதர்ன்

இந்தக் கல்லூரி 2000-களின் தொடக்கத்தில் டிவிஷன் 1-க்கு ஏறியது. செலவைத் தாங்க முடியாமல் 2006-ல் டிவிஷன் 3-க்கு இறங்க முடிவெடுத்தது. அதோடு, மாணவர்களை ஈர்க்க 2007-ல் அமெரிக்கன் ஃபுட்பால் அணியையும் மீண்டும் கொண்டுவந்தது. அதாவது ஏட்ரியன் போட்ட அதே கணக்கு.

இங்கே இடித்தது விளையாட்டுத் துறைக்கு வெளியே. கட்டடங்களுக்காக வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. மாணவர் உதவித்தொகைக் கணக்கில் பல ஆண்டுகளாக நடந்த பெரும் பிழை 2010-ல் வெளியே வந்தது. மூலதன நிதியிலிருந்து எடுத்து எடுத்து, அதுவும் கரைந்தது. மாணவர் எண்ணிக்கை கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே போனது. கைகொடுக்க மாநில சட்டமன்றம் 2023-ல் ஒரு கடன் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் மாநிலக் கருவூலத் தலைவர் அந்தக் கடனைத் தர மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டே கதவு மூடப்பட்டது.

அணிகள் மாணவர்களைக் கூட்டி வரலாம். ஆனால் மொத்த நிறுவனத்தின் கடனை அவற்றால் சுமக்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரே விளையாட்டை நம்பிய கொன்சாகா

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் உள்ள கொன்சாகா பல்கலைக்கழகத்தின் வழி வேறு. இது டிவிஷன் 1-ல் ஆடும் சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். செலவு பிடிக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலை 1941 சீசனோடு கைவிட்டது. கவனம் முழுக்க கூடைப்பந்தில்.

1999-ல் அந்த அணி யாரும் எதிர்பார்க்காத வகையில் தேசியத் தொடரின் கடைசி 8 அணிகளில் ஒன்றாக வந்தது. உடனே கோச்சை ஒரு பெரிய பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. கொன்சாகா வெளியே பெரிய பெயரைத் தேடவில்லை. உதவி கோச்சாக இருந்த மார்க் ஃப்யூவை அந்த இடத்தில் உட்கார வைத்தது. அவர் அங்கேயே தங்கினார். 1997 முதல் 2021 வரை விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர் மைக் ராத் ஒருவரே. 2004-ல் கட்டிய அரங்கமும் 6,000 இருக்கைகளோடு நின்றது. 2017, 2021 என இரண்டு முறை தேசிய இறுதிப்போட்டிக்குப் போனார்கள், இரண்டிலும் தோல்வி. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆளை மாற்றிக்கொண்டே இருக்காமல், தாங்கும் அளவுக்கே கட்டி, ஒரே விளையாட்டில் இருபது ஆண்டுக்கும் மேல் நின்றதுதான் கொன்சாகாவின் பலம். அதை அப்படியே காப்பி அடிக்க நினைக்கும் கல்லூரிகளுக்கு அந்தப் பொறுமைதான் இருப்பதில்லை.

கீழே இறங்குவதும் ஒரு முடிவுதான்

2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த ஒரு சமரசத்தால், டிவிஷன் 1 கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றானது. முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். சின்னப் பல்கலைக்கழகங்களால் இந்தப் பந்தயத்தில் ஓட முடியுமா?

பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் முடியாது என்று முன்பே முடிவெடுத்தது. 2025 மார்ச்சில் அதன் கூடைப்பந்து அணி தேசியத் தொடரில் ஆடியது. அடுத்த சில நாட்களிலேயே டிவிஷன் 3-க்கு இறங்குவதாக நிர்வாகம் அறிவித்தது. 2021-ல் ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும், முதல்முறையாகத் தேசியத் தொடருக்குப் போன அதே ஆண்டில், இதே முடிவை எடுத்தது. ரசிகர்களுக்குக் கசப்புதான். ஆனால் வெற்றி வந்த நேரத்திலும் செலவுக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள்.

இயக்குநர் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையை வளர்க்க வருபவர் முன் சில கேள்விகள் இருக்கின்றன.

முதலில், புது அணியால் வரும் மாணவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே புதியவர்கள்?

இரண்டாவது, பெண்களுக்குச் சம வாய்ப்பு இருக்கிறதா? கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ம் ஆண்டின் 'டைட்டில் 9' சட்டம் விளையாட்டுக்கும் பொருந்தும். 100 ஆண்கள் ஆடும் ஃபுட்பால் அணியைச் சேர்த்தால், பெண்கள் அணிகளுக்கும் இடமும் பணமும் ஒதுக்க வேண்டிவரும். அதை முதல் நாளே பட்ஜெட்டில் சேர்க்காவிட்டால் பின்னால் தலைவலிதான்.

மூன்றாவது, வீரர்கள் கூடினால் பிசியோ, ஜிம், ஹாஸ்டல், வகுப்பறை, ஆசிரியர் எல்லாம் கூட வேண்டும். அதற்கு யார் பணம் கொடுப்பது?

அமெரிக்காவில் 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பிறப்பு விகிதம் சரிந்தது. அப்போது பிறந்த குழந்தைகள் இப்போது கல்லூரி வாசலுக்கு வரும் காலம். மாணவர்கள் குறைய, அவர்களுக்கான போட்டி கூடும். இன்னும் பல கல்லூரிகள் டீம் சேர்க்கும் வழியில் இறங்கலாம். அந்த வழி பலன் தருகிறதா என்று தெரிய கோப்பைகளை எண்ணினால் போதாது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டும் திரும்பி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.