பை இலேசு, தையல் தாங்குமா?

ஜாசின் பக்கம் தோட்டத்தில் பால்வாளி சுமந்த என் அப்பா, எந்த வாளி வாங்கினாலும் முதலில் பிடியைத்தான் இழுத்துப் பார்ப்பார். 1,276 மீட்டர் உயர லேடாங் மலை ஏற நம் இளையோர் வாங்கும் எடை குறைந்த பைகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பாதி மலையில் வார் அறுந்தால் இலேசான பையும் பாரம்தான்.

தோள்வார் சேருமிடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் வேண்டும். நூலின் கனத்தைக் காட்டும் ‘டெனியர்’ எண்ணைக் கேளுங்கள். 70 என்றால் மெலிசு, ரோத்தான் முள்ளுக்குத் தாங்காது. 210 கூடுதலாக உழைக்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னோர் எதிரி ஈரம். பாலியூரித்தேன் பூசிய பையை ஈரத்தோடு சுருட்டி வைத்தால், நாளடைவில் பூச்சு பிசுபிசுத்து உரியும். மலையிறங்கியதும் கழுவி, நிழலில் உலர்த்தித் தொங்கவிடுங்கள். தையல் விட்டால் வீசாதீர்கள். நைலான் நூலில் தைத்தால் மறுபடியும் மலையேறும்.