ஆடிக் காற்றுக்கு எதிரே மிதிக்காதீர்கள்

நம்மூரில் கேரவன் என்றால் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பு நடந்தால் தோப்போரம் ஒன்று நிற்கும். மற்றபடி, வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே படுப்பதைக் கொங்குக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாமக்கல் லாரி டிரைவர்கள் ஸ்டவ்வும் அரிசியும் ஏற்றிக்கொண்டுதான் வடக்கே போகிறார்கள். வேன் பிடித்துக் கோயில் கோயிலாகச் சுற்றும் குடும்பத்தில் முதலில் ஏறுவது கேஸ் சிலிண்டர், பாட்டி அப்புறம்தான்.

நாம் சேர்த்துக்கொள்ளாமல் விட்டது சைக்கிளை. இங்கிலாந்துக்காரர்கள் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் 1885-இல் ‘வாண்டரர்’ என்றொரு வீட்டு வண்டி கட்டி, இரண்டு குதிரை பூட்டி, ஸ்காட்லாந்து வரை போய்வந்தார். வண்டி ஏறக்குறைய இரண்டு டன். குறுகலான கிராமத்துச் சாலையில் எதிரே ஏதாவது வந்தால் ஒதுங்க முடியாது. அதனால் அவருடைய பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய் வழி பார்த்துச் சொல்வார். இன்று அங்கே கேரவன்காரர்களின் பெரிய சங்கங்களில் ஒன்றாக இருப்பதும், 1901-இல் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் ஆரம்பித்ததுதான்.

ஆனைமலைக்கு வேனும் சைக்கிளும் சேர்ந்து வருவதுதான் சரி என்பேன். காரணம், காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே கிடக்கிறது பொள்ளாச்சிச் சமவெளி. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று தென்னை மட்டைகளை எல்லாம் கிழக்கே சீவிவிடும். பொள்ளாச்சியில் சைக்கிள் ஏறி ஆனைமலைக்கு மிதித்தால் தொடை கழன்றுவிடும். சைக்கிளை வேனில் போட்டுக்கொண்டு வந்து ஆனைமலையில் இறக்குங்கள். அங்கிருந்து கோட்டூர், அங்கலக்குறிச்சி, தேவனூர்புதூர் வழியாக உடுமலை பார்த்து மிதித்தால் காற்றே பாதி வேலையைச் செய்யும். வேன்காரர் சோறாக்கிக்கொண்டு முன்னால் போய்க் காத்திருக்கட்டும்.

கிளம்புமுன் ஆனைமலையிலேயே ஒரு காலைப் பொழுது வேண்டும். சுற்றிலும் தென்னையாக இருக்க, இங்கே மட்டும் வயல். ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கர். அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, பள்ளிவிளங்கால், வடக்கலூர் என ஐந்து வாய்க்கால்கள். ஆழியாறு அணை வருவதற்கு வெகு முன்பே பாய்ந்தவை. நாற்றங்கால் பச்சையில் கொக்குகள் இறங்கும் நேரத்தில் வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். பின்னால் மலை நீலமாக எழுந்து நிற்கும். வேன் இந்தக் கரையில் ஏறாது. மாசாணியம்மன் கோயிலில் அம்மன் படுத்த கோலம். நியாயம் கேட்டு வந்தவர்கள் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவதையும் பார்க்கலாம். அமாவாசையன்று மட்டும் வேனோடு அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிடாதீர்கள்.

ராத்திரி தங்கத் தோட்டத்துக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்வதில்லை.

“ஏனுங்க, வண்டிய இங்க நிறுத்திக்கலாங்களா?”

“நிறுத்திக்குங்க. மரத்தடியில வேண்டாமுங்க, மட்டை உழுகும்.”

மரியாதைக்குச் சொல்வதல்ல அது. முற்றிய மட்டை ஒன்று விழுந்தால் வேனின் முன்கண்ணாடி மிஞ்சாது. தேங்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பேச்சு அப்படியே வேர்வாடல் நோய்க்குப் போகும். கீற்றுகள் விலா எலும்பு போல உள்வாங்கி, ஓலை மஞ்சளித்து நிற்கும் மரங்களைக் காட்டுவார்கள். வெட்டுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லும்போது குரல் இறங்கிவிடும். பசுமை பார்க்க வந்தவர்கள் இதையும் கேட்டுவிட்டுப் போகத்தான் வேண்டும். கழிப்பறையைப் பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். நம் வேன்களில் அது கிடையாது.

மலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 2025 நவம்பர் முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். காலில் தெம்பிருப்பவர்கள் ஆழியாற்றில் வேனை நிறுத்திவிட்டு, நன்றாக விடிந்தபின், சோதனைச் சாவடியில் யானை நடமாட்டம் விசாரித்துக்கொண்டு ஒன்பதாம் வளைவு வரை ஏறிப் பார்க்கலாம். லோம்ஸ் வியூ பாயின்ட் அதுதான். கீழே அணைத் தண்ணீர் முழுக்கத் தெரியும். அதிர்ஷ்டமிருந்தால் பாறையில் வரையாடும் தெரியும். இறங்கி வந்ததும் அணைக்கட்டருகே மீன் வறுவல். அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

சேத்துமடைக்கு அப்பால் புலிகள் காப்பகம். அங்கே சைக்கிளுக்கு வேலையில்லை, வேனில் படுத்துறங்கவும் வழியில்லை. டாப்சிலிப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் இரண்டையும் பொள்ளாச்சியில் விட்டுவிட்டு, பரம்பிக்குளம் போகும் அரசுப் பேருந்தில் ஜன்னலோர சீட்டுப் பிடியுங்கள்.