குதிரையின் கண் ஏன் மறுபடி மறுபடி சிவக்கிறது?

2015-ல் அடையாற்று வெள்ளம் சென்னையை அடுத்த முடிச்சூர் தெருக்களுக்குள் புகுந்தது. இப்படி வெள்ளம் வடிந்த இடங்களில் எலிக்காய்ச்சல் பயம் வரும். எலியின் சிறுநீர் வழியாகத் தேங்கிய நீரில் கலக்கும் லெப்டோஸ்பைரா கிருமிதான் காரணம். அதே கிருமி குதிரையின் பார்வையையும் பறிக்கக்கூடும்.

எப்படி? தொற்று வந்து மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துக் கண்ணின் உள்ளே அழற்சி தொடங்கும். கிருமியின் சில புரதங்கள் கண்ணின் புரதங்களை ஒத்திருப்பதால், உடலின் எதிர்ப்பாற்றல் சொந்தக் கண்ணையே தாக்குகிறது. அழற்சி தணியும், மறுபடி கிளம்பும். ஒவ்வொரு முறையும் தழும்பு மிஞ்சும். கருவிழித்திரை லென்சோடு ஒட்டிக்கொள்ளும், புரை விழும், கடைசியில் பார்வை போகும். எல்லாக் குதிரைகளுக்கும் இந்தக் கிருமியே காரணம் என்று சொல்லிவிட முடியாது; பரம்பரைக்கும் பங்குண்டு.

கண் நீர் வடிந்தாலோ, வெளிச்சத்தில் இமையை இடுக்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விடவே கூடாது. விழியின் மேற்பரப்பில் புண் இருந்தால் அது புண்ணைப் பெரிதாக்கிவிடும். மருத்துவர் சாயம் விட்டுப் பார்த்து, புண் இல்லை என்று தெரிந்த பிறகே அதைத் தருவார். பாவையை விரிக்க அட்ரோபின் தருவார். அது குடலின் அசைவைக் குறைக்கும் என்பதால் சாணம் போடுகிறதா, வயிறு வலிக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

வெயிலுக்கும் ஈக்கும் முகவலை கட்டுங்கள். லாயத்தில் எலியை ஒழியுங்கள், தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள். சிவப்பு மறைந்ததும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.